விடை சரி, மனப்படம் தவறு: மாணவரின் வானியல் கருத்துப் பிழைகளை அறிகுறி கண்டு நீக்கும் வழிமுறை

பருவகாலம் ஏன் மாறுகிறது என்று கேட்டால், பூமியின் அச்சு 23.4 பாகை சாய்ந்திருப்பதால் என்று பிழையின்றிச் சொல்லும் மாணவர், அந்தச் சாய்வு வெப்பத்தை எப்படிக் கூட்டுகிறது என்று தொடர்ந்து கேட்டதும், சாய்ந்த பக்கம் சூரியனுக்கு அருகில் போய்விடுகிறது என்று சொல்வது வகுப்பறைகளில் மிகச் சாதாரணமான காட்சி. விடை மனப்பாடமாக ஏறியிருக்கிறது. அதற்கு அடியில் இருக்கும் மனப்படம் அசையவே இல்லை. தேர்வுத்தாளைத் திருத்துபவருக்கு இந்தப் பழுது தெரியாது, ஏனெனில் அவர் கேட்பது முதல் கேள்வியை மட்டுமே.

இந்த வழிமுறை அத்தகைய பழுதுகளை அறிகுறியிலிருந்து பிடிப்பதற்கானது. மாணவர் என்ன சொல்கிறார் அல்லது எதை வரைகிறார் என்பதில் தொடங்கி, அந்த எண்ணம் எங்கிருந்து வந்தது, எந்தக் கேள்விக்கு முன் அது நிற்காது, எந்தச் செயல்விளக்கம் அதைத் திருத்தும் என்ற வரிசையில் செல்லலாம். ஒரே ஒரு ஒழுங்கை மட்டும் கடைப்பிடிக்க வேண்டும்: எதையும் காட்டுவதற்கு முன், என்ன நடக்கும் என்று மாணவரை எழுதச் சொல்லுங்கள். எழுதாத கணிப்பு, விளைவைக் கண்டதும் நானும் அதைத்தான் நினைத்தேன் என்று மாறிவிடும். பழைய எண்ணம் தோற்றது மாணவருக்கே தெரியாமல் போய்விடும். தவறான எண்ணத்தை அறியாமை என்று ஒதுக்கவும் கூடாது. நெருப்புக்கு அருகில் போனால் சூடு கூடும் என்பது சரியான அனுபவம். அதைப் பருவகாலத்துக்குப் பொருத்தியதுதான் பிழை.

எல்லாவற்றுக்கும் முன்: அளவைச் சோதிக்கவும்

அறிகுறி: பூமியையும் நிலாவையும் வரையச் சொன்னால், இரண்டும் ஒன்றையொன்று தொடும் தூரத்தில் வந்து நிற்கும்.

மற்றப் பழுதுகள் பலவற்றுக்கும் ஊற்று இதுதான் என்பதால் இங்கிருந்தே தொடங்குங்கள். 1 சென்டிமீட்டருக்கு 1,000 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால், பூமி 12.7 செ.மீ. விட்டமுள்ள பந்து, நிலா 3.5 செ.மீ. விட்டமுள்ள சிறு பந்து. பெரிய பந்தை ஒரு மாணவரிடம் கொடுத்து, சிறிய பந்தை எவ்வளவு தூரத்தில் பிடிக்க வேண்டும் என்று இன்னொருவரிடம் கேளுங்கள். ஒரு சாண், ஒரு முழம், தாராளமாகச் சிந்திப்பவர் என்றால் கை நீட்டும் தூரம் என்பதற்குள்தான் பெரும்பாலும் நிற்பார்கள். உண்மைத் தூரமான 3,84,400 கி.மீ. இந்த அளவில் 3 மீட்டர் 84 செ.மீ. ஆகும், அதாவது முப்பது பூமிகளை வரிசையாக அடுக்கும் இடைவெளி. மாணவர் தாமே அளவு நாடாவை இழுத்து அங்கே போய் நிற்கட்டும். இதே அளவில் சூரியன் ஏறத்தாழ 14 மீட்டர் விட்டமுள்ள கோளம், இருப்பது ஒன்றரை கிலோமீட்டருக்கு அப்பால். சூரியனுக்கு அடுத்த நெருங்கிய விண்மீனான பிராக்சிமா சென்டாரி எங்கே என்று கேட்டால், இந்தச் சிறிய அளவிலும் 4 லட்சம் கி.மீ. போக வேண்டும், உண்மையான நிலாவையும் தாண்டிய தூரம் அது.

பழுதின் காரணம் பாடநூல் படம். படம் வரைந்தவரைக் குறை சொல்வதற்கில்லை, ஏனெனில் உருவத்தின் அளவையும் இடைவெளியின் அளவையும் ஒரே பக்கத்தில் ஒரே விகிதத்தில் அடக்க எவராலும் முடியாது. ஆனால் அதைப் படத்தின் கீழ் எழுதாமல் விடுவதால், மாணவர் படத்தையே உண்மை என்று எடுத்துக்கொள்கிறார். இனி எந்த வானியல் படத்தைத் திறந்தாலும், இதில் எது உண்மை அளவில் இல்லை என்பதையே முதல் கேள்வியாக வையுங்கள். இரண்டு பந்துகளையும் எடுத்து வைத்துவிட வேண்டாம். பின்னாலும் அவை தேவைப்படும்.

பூமி உருண்டை என்கிறார். மனிதர்களை மேல்புறத்தில் மட்டும் நிற்க வைக்கிறார்

சிறு வயது மாணவர்களிடம் இது அதிகம். ஸ்டெல்லா வோஸ்னியாடூவும் வில்லியம் புரூவரும் 1992-இல் வெளியிட்ட ஆய்வில், உருண்டை என்ற சொல்லைப் பயன்படுத்தும் குழந்தைகளின் மனத்தில் பல வேறு உருவங்கள் இருந்தது தெரிந்தது: தட்டையான வட்டத் தகடு, உள்ளீடற்ற கோளத்தின் உள்ளே தளம் அமைத்து மனிதர் வாழும் பூமி, வானத்தில் ஓர் உருண்டைப் பூமியும் காலடியில் ஒரு தட்டைப் பூமியுமாக இரண்டு பூமிகள். தரை தட்டையாகத் தெரிகிறது, ஆசிரியரோ உருண்டை என்கிறார். இரண்டையும் பொய்யாக்காமல் காப்பாற்ற முயலும் குழந்தை இப்படித்தான் ஒரு சமரசத்தைக் கட்டும். அந்த முயற்சியை மதித்துத்தான் அதைத் தொட வேண்டும்.

உருண்டையா தட்டையா என்று கேட்டால் பழுது வெளிப்படாது. ஒரு வட்டம் வரைந்து, மேலே, பக்கவாட்டில், அடியில் என மூன்று மனிதர்களை நிறுத்தி, ஒவ்வொருவர் கையிலிருந்தும் விழும் கல்லின் பாதையை வரையச் சொல்லுங்கள். அடியில் நிற்பவரின் கல் தாளின் கீழ் விளிம்பை நோக்கிப் போனால், மாணவரின் மனத்தில் கீழ் என்பது ஒரே நிலையான திசையாக இருக்கிறது என்று பொருள். கீழ் என்பது பூமியின் மையத்தை நோக்கிய திசை என்பதைப் பந்தின் மீது குண்டூசிகளைக் குத்திக் காட்டலாம். ஒவ்வோர் ஊசியின் கூர்முனையும் உள்நோக்கியே இருக்கும். அதன்பின் பாதி தண்ணீருள்ள புட்டியைத் தென்துருவத்தில் வைத்தால் நீர்மட்டம் எங்கே இருக்கும் என்று வரையச் சொன்னால், திருத்தம் பிடித்திருக்கிறதா என்பது தெரிந்துவிடும்.

நிலா தேய்வதற்குப் பூமியின் நிழல் காரணம் என்கிறார்

வயது வந்தவர்களிடமும் வேரூன்றியிருக்கும் பழுது இது. திருத்துவதற்கு அவசரப்படாமல் இரண்டு வகுப்புகளாவது ஒதுக்குங்கள். காரணம் எளிதில் விளங்கும். ஒளிர்ந்த ஒன்றில் ஒரு பகுதி இருண்டிருந்தால், எதனுடைய நிழலோ விழுந்திருக்கிறது என்பதே அன்றாட அறிவு. கிரகணத்தைப் பற்றியும் அதே பாடத்தில் படிப்பதால் இரண்டும் கலந்துவிடுகின்றன.

முதல் சோதனை மேசையிலேயே முடியும். ஒரு வெள்ளை அட்டை வட்டம் நிலா; அதைவிடப் பெரிய கறுப்பு அட்டை வட்டம் பூமியின் நிழல். கறுப்பை வெள்ளையின் மேல் நகர்த்தி, நிலாவின் எல்லா வடிவங்களையும் உண்டாக்கச் சொல்லுங்கள். மெல்லிய பிறை எளிதாக வரும், மாணவர் மகிழ்வார். அடுத்து, பௌர்ணமிக்கு இரண்டு மூன்று நாள் முந்தைய நிலாவை, அதாவது ஓரத்தில் மட்டும் கொஞ்சம் குறைந்து மற்றப்படி நிறைந்திருக்கும் நிலாவை உண்டாக்கச் சொல்லுங்கள். எப்படி நகர்த்தினாலும் வராது. வானத்தில் அன்று இருண்டிருக்கும் பகுதியே பிறை வடிவில் இருக்கும், அதன் உள்விளிம்பு குழிந்திருக்கும். வட்டமான நிழலின் விளிம்போ எப்போதும் புடைத்தே இருக்கும். அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து மாணவர் திணறும் அந்தச் சில நிமிடங்களில் நீங்கள் பேசாதிருப்பது நல்லது.

இரண்டாவது சோதனைக்கு வானம் தேவை. அமாவாசைக்கு ஏறத்தாழ ஒரு வாரம் கழித்துப் பிற்பகலில் கிழக்குப் பக்கமும், பௌர்ணமிக்கு ஒரு வாரம் கழித்துக் காலையில் மேற்குப் பக்கமும் அரைநிலா பகல் வெளிச்சத்திலேயே தெரியும். சூரியனும் வானத்தில் இருக்கிறது, அரைநிலாவும் இருக்கிறது. பூமியின் நிழல் சூரியனுக்கு நேர் எதிர்த்திசையில்தான் விழும் என்றால், சூரியன் அடிவானத்துக்கு மேலே இருக்கும்போது அந்த நிழல் எந்தப் பக்கம் நீளும்? நம் காலுக்கு அடியில், மறுபுறம் நோக்கி. அப்படியானால் நிலாவின் பாதியை இருட்டாக்கியது எது? இந்தக் கேள்விக்கு நிழல் விளக்கத்திடம் பதில் இல்லை. அதே இடத்தில் ஒரு வெள்ளைப் பந்தை வெயிலில் நீட்டி, நிலாவுக்குப் பக்கத்தில் தெரியும்படி பிடிக்கச் சொல்லுங்கள். பந்தின் ஒளிர்ந்த பகுதியும் நிலாவின் ஒளிர்ந்த பகுதியும் ஒரே வடிவில், ஒரே சாய்வில் இருப்பதை மாணவர் காண்பார். சூரியன் நிலாவைப் போல ஏறத்தாழ 390 மடங்கு தொலைவில் இருப்பதால், பந்தின் மேலும் நிலாவின் மேலும் ஒளி கிட்டத்தட்ட ஒரே திசையிலிருந்து விழுகிறது. சூரியனை நேராகப் பார்க்கக் கூடாது என்ற எச்சரிக்கையை வெளியே போகும் முன்பே சொல்லிவிட வேண்டும்.

இவற்றுக்குப் பிறகுதான் இருட்டறையும் விளக்கும். நடுவில் ஒற்றை பல்பு. ஒவ்வொரு மாணவர் கையிலும் பென்சில் முனையில் குத்திய ஒரு பந்து. மாணவரின் தலைதான் பூமி. பல்பைப் பார்த்து நின்று, கையை நீட்டிப் பந்தைத் தலைக்குச் சற்று மேலே பிடித்து, இடப்பக்கமாக மெல்லச் சுழல வேண்டும். பல்புக்கு நேரே அமாவாசை, கால் சுற்றில் வலப்பாதி ஒளிரும் அரைநிலா, பல்புக்கு முதுகைக் காட்டும்போது பௌர்ணமி என்று ஒவ்வொன்றாக வரும். பந்தின் ஒரு பாதி எப்போதும் ஒளிர்ந்துகொண்டேதான் இருக்கிறது, அதில் எவ்வளவு நம் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதுதான் மாறுகிறது என்று மாணவர் வாயிலிருந்தே வரும்வரை சுழலட்டும். சிலர் பந்தைத் தாழ்த்திப் பிடித்துத் தம் தலையின் நிழலைப் பந்தின் மீது விழவைத்து, நிழல்தானே என்பார்கள். அதைத் தடுக்க வேண்டாம், ஏனெனில் அடுத்த பழுதுக்கு அதுவே வாசல்.

அப்படியென்றால் ஒவ்வொரு பௌர்ணமிக்கும் கிரகணம் வர வேண்டுமே என்கிறார்

இதைப் பிழை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்; மாணவரின் மனப்படம் இயங்கத் தொடங்கிவிட்டதன் அடையாளம் இது. முதலில் எடுத்து வைத்த இரண்டு பந்துகளையும் கொண்டுவாருங்கள். நிலாவின் பாதை, பூமி சூரியனைச் சுற்றும் தளத்துக்கு 5 பாகைக்குச் சற்று அதிகமாகச் சாய்ந்திருக்கிறது. பாடநூல் படத்தில் 5 பாகை கண்ணுக்கே தெரியாது. ஆனால் 3.84 மீட்டர் தூரத்தில் அந்தச் சாய்வு நிலாவை 34 செ.மீ. வரை மேலேயோ கீழேயோ கொண்டுபோகும். அந்த இடத்தில் பூமியின் முழுநிழலின் அகலமோ ஏறத்தாழ 9 செ.மீ. மட்டுமே. நிலா பெரும்பாலான மாதங்களில் நிழலைத் தொடாமல் போவதில் வியப்பில்லை என்பது அளவு நாடாவுடன் நின்றால் உடனே விளங்கும்.

கோடையில் பூமி சூரியனுக்கு அருகில் இருக்கிறது என்கிறார்

காரணங்கள் இரண்டு. ஒன்று, மேலே சொன்ன நெருப்பின் அனுபவம். மற்றொன்று, பூமியின் பாதையைச் சாய்வான கோணத்திலிருந்து பார்ப்பதுபோல் நீண்ட முட்டை வடிவில் வரையும் வழக்கம். பாதை நீள்வட்டம் என்று கற்பிப்பதும் சேர்ந்துகொள்ள, மாணவர் இரண்டு முனைகளில் ஒன்றைக் கோடையாகவும் மற்றொன்றைக் குளிர்காலமாகவும் எடுத்துக்கொள்கிறார். பூமியின் பாதையை உண்மை விகிதத்தில் ஒருமுறை வரைய வையுங்கள்: 10 செ.மீ. ஆரத்தில் கவராயத்தால் ஒரு வட்டம், சூரியனுக்காக மையத்திலிருந்து 1.7 மில்லிமீட்டர் தள்ளி ஒரு புள்ளி. அவ்வளவுதான். நீள்வட்டத்துக்கும் இந்த வட்டத்துக்கும் உள்ள வேறுபாடு பென்சில் கோட்டின் தடிமனுக்குள் மறைந்துவிடும்.

பிறகு தகவலைக் கொடுக்கலாம். பூமி சூரியனுக்கு மிக அருகில் வருவது ஜனவரித் தொடக்கத்தில், ஏறத்தாழ 14.71 கோடி கி.மீ. தொலைவில்; மிகத் தொலைவில் இருப்பது ஜூலைத் தொடக்கத்தில், ஏறத்தாழ 15.21 கோடி கி.மீ. தொலைவில். ஜனவரியில் வட அரைக்கோளத்தில் குளிர்காலம், அதே நாளில் தென் அரைக்கோளத்தில் கோடை. தூரம்தான் காரணம் என்றால் பூமி முழுவதும் ஒரே நேரத்தில் கோடை வர வேண்டும். தூரத்துக்கு விளைவே இல்லை என்று சொல்லிவிடவும் கூடாது; ஜனவரியில் பூமிக்கு வந்து சேரும் சூரிய ஒளி ஜூலையைவிட ஏறத்தாழ 7 விழுக்காடு அதிகம்தான். சாய்வின் விளைவு அதைவிட மிகப் பெரியது.

இங்கேதான் தொடக்கத்தில் சொன்ன ஒட்டுப்போட்ட விடை தலைகாட்டும்: சாய்வு ஓர் அரைக்கோளத்தைச் சூரியனுக்கு அருகில் கொண்டுபோகிறது என்பது. புதிய சொல்லை எடுத்துக்கொண்டு பழைய எண்ணம் உயிர்பிழைத்திருக்கிறது. சாய்வினால் இரண்டு அரைக்கோளங்களுக்கும் இடையே உண்டாகும் தூர வேறுபாடு சில ஆயிரம் கிலோமீட்டர். நம் பந்து அளவில், ஒன்றரை கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் சூரியனுக்குச் சில சென்டிமீட்டர். ஆண்டுக்குள் பூமி அருகில் வந்து விலகும் தூரமோ 50 லட்சம் கி.மீ., அதுவும் வட அரைக்கோளத்தின் பருவத்துக்கு நேர்மாறாக. இந்த எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, முடிவை மாணவரிடமே விடுங்கள்.

திருத்தத்துக்கு டார்ச் போதும். கட்டம்போட்ட தாளின் மீது நேர்க்குத்தாக ஒளியைப் பாய்ச்சி, ஒளிரும் கட்டங்களை எண்ணச் சொல்லுங்கள். பிறகு தூரத்தை மாற்றாமல், தாளிலிருந்து 30 பாகை உயரத்தில் சாய்த்துப் பாய்ச்சுங்கள். அதே ஒளி ஏறத்தாழ இரண்டு மடங்கு கட்டங்களில் பரவும், ஒவ்வொரு கட்டத்துக்கும் கிடைப்பது பாதியாகும். இதனுடன் பகலின் நீளத்தையும் சேர்க்க வேண்டும். இதைப் பல பாடங்கள் விட்டுவிடுகின்றன. 60 பாகை வட அட்சத்தில் ஜூன் இறுதியில் பகல் ஏறத்தாழ 19 மணி நேரம், டிசம்பர் இறுதியில் 6 மணி நேரத்துக்கும் குறைவு. அச்சு ஆண்டுக்கு இருமுறை இப்படியும் அப்படியும் ஆடுகிறது என்று சில மாணவர் நினைப்பதுண்டு. பூகோள உருண்டையைக் கையில் ஏந்தி, அச்சு அறையின் ஒரே மூலையை நோக்கியிருக்குமாறு விளக்கைச் சுற்றி நடந்தால் அந்தச் சந்தேகம் தீரும்.

விண்வெளியில் ஈர்ப்பு இல்லை என்கிறார்

விண்வெளி வீரர்கள் மிதக்கும் காட்சியைப் பார்த்தவர் வேறு முடிவுக்கு வருவது கடினம். ஆகவே காட்சியை மறுக்காமல், இடத்தைக் கேளுங்கள். பன்னாட்டு விண்வெளி நிலையம் ஏறத்தாழ 400 கி.மீ. உயரத்தில் பறக்கிறது. நம் பந்தில் அது எங்கே என்று காட்டச் சொன்னால் கை ஒரு சாண் உயரம் போகும். சரியான இடம் பந்தின் மேற்பரப்பிலிருந்து 4 மில்லிமீட்டர். அங்கே ஈர்ப்பு தரையில் இருப்பதில் 88 விழுக்காட்டுக்கும் மேல். அடுத்த கேள்வி: விண்வெளியில் ஈர்ப்பு இல்லையென்றால் நிலாவைப் பூமியைச் சுற்ற வைப்பது எது?

வெறும் எண் இந்தப் பழுதைத் தீர்க்காது. பிளாஸ்டிக் புட்டியின் அடிப்பக்கத்தில் ஒரு துளையிட்டு, விரலால் அடைத்து நீர் நிரப்புங்கள். விரலை எடுத்ததும் நீர் பீய்ச்சும். பீய்ச்சிக்கொண்டிருக்கும் புட்டியை உயரத்திலிருந்து விட்டுவிட்டால் விழும்போது நீர் என்ன செய்யும் என்று எழுதி வாங்கிய பிறகு கைவிடுங்கள். புட்டி தரையைத் தொடும்வரை துளையிலிருந்து நீர் வராது. ஈர்ப்பு நின்றுவிட்டதா? நின்றிருந்தால் புட்டி ஏன் விழுந்தது? நீரும் புட்டியும் ஒன்றாக விழுவதால் ஒன்றை மற்றொன்று அழுத்தவில்லை. நிலையமும் அதிலுள்ள வீரரும் அப்படித்தான் ஒன்றாக விழுந்துகொண்டே இருக்கிறார்கள்.

விழுந்தால் தரையில் மோத வேண்டுமே என்ற மறுப்பு வரும், வர வேண்டும். மலையுச்சியிலிருந்து கிடைமட்டமாகச் சுடும் பீரங்கியை வைத்து நியூட்டன் சொன்ன விளக்கம் இதற்கு இன்றும் போதுமானது. விழும் பொருள் முதல் நொடியில் ஏறத்தாழ 5 மீட்டர் கீழிறங்கும். பூமியின் பரப்பு ஒவ்வொரு 8 கி.மீ.க்கும் ஏறத்தாழ 5 மீட்டர் வளைந்து தாழும். நொடிக்கு 8 கி.மீ.க்குச் சற்றுக் குறைவான வேகத்தில் பக்கவாட்டில் போகும் பொருளுக்கு, விழும் அளவுக்குத் தரையும் விலகிக்கொண்டே போகும். காற்று இல்லாத இடத்தில் ஈர்ப்பும் இருக்காது என்று நினைக்கும் மாணவருக்கு வேறு மருந்து வேண்டும்: 1971-இல் அப்போலோ 15 பயணத்தில் டேவிட் ஸ்காட் காற்றற்ற நிலாவில் ஒரு சுத்தியலையும் ஒரு பறவை இறகையும் ஒன்றாகக் கைவிட்டார், இரண்டும் ஒன்றாகவே தரையில் விழுந்தன.

விரைவில் தீரும் சில பழுதுகள்

ஒளியாண்டைக் கால அளவாகச் சொன்னால், அது ஏறத்தாழ 9.46 லட்சம் கோடி கி.மீ. நீளம் என்பதை எழுதிக் காட்டி, அதைக்கொண்டு ஒரு தூரக் கணக்குப் போட வையுங்கள். சிவப்பு விண்மீன்தான் மிக வெப்பமானது என்றால், செந்நிறத் திருவாதிரை ஏறத்தாழ 3,500 கெல்வின், நீலவெண்மையான சிரியஸ் ஏறத்தாழ 10,000 கெல்வின் என்று ஒப்பிடலாம். விண்கலம் ஓட எந்திரம் எப்போதும் இயங்க வேண்டும் என்று நினைப்பவருக்கு, 1977-இல் ஏவிய வாயேஜர் 1 உந்துதல் ஏதுமின்றி நொடிக்கு ஏறத்தாழ 17 கி.மீ. வேகத்தில் போய்க்கொண்டிருப்பதைச் சொல்லுங்கள். கருந்துளை எல்லாவற்றையும் உறிஞ்சிவிடும் என்ற அச்சம் இருந்தால், சூரியன் அதே நிறையுடன் 3 கி.மீ. ஆரமுள்ள கருந்துளையாகச் சுருங்கினாலும் பூமி இதே பாதையில்தான் சுற்றும் என்பதிலிருந்து தொடங்கலாம்.

சரியான விடை சில வாரங்களில் மறைந்து, பழையது திரும்பினால்

இது அடிக்கடி நடக்கும், மாணவரின் கவனக்குறைவு என்று எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. பழைய எண்ணத்துக்குப் பல ஆண்டு அனுபவத்தின் துணை உண்டு, புதியதற்கு ஒரு வகுப்பின் துணை மட்டுமே. அதே பாடத்தை மீண்டும் நடத்துவதால் அதே சொற்கள் மீண்டும் மனப்பாடமாகும். ஆகவே மாணவர் எங்கும் படித்திராத இடத்திலிருந்து கேள்வி கேளுங்கள். நிலாவுக்கு இந்தக் கேள்வி பொருத்தமானது: நீங்கள் நிலாவில் நின்று பூமியைப் பார்க்கிறீர்கள், பூமியில் இருப்பவர்களுக்கு அன்று அமாவாசை என்றால், உங்களுக்குப் பூமி எப்படித் தெரியும்?

நிழல் எண்ணம் உள்ளே மிச்சமிருப்பவர் பூமியும் இருண்டிருக்கும் என்பார். அவரை வெள்ளை, கறுப்பு அட்டைகளுக்கே திரும்ப அழைத்துச் செல்லுங்கள். முழுப் பூமி ஒளிர்ந்து தெரியும் என்பவரிடம் அடுத்ததாக, நிலாவின் மறுபக்கத்தில் நிற்பவருக்கு அன்று என்ன தெரியும் என்று கேளுங்கள். மறுபக்கம் எப்போதும் இருட்டு என்ற எண்ணம் இன்னும் இருந்தால் இங்கே வெளியே வந்துவிடும். அந்தப் பக்கத்தை லூனா 3 விண்கலம் 1959-இலேயே வெயிலில் படம்பிடித்துவிட்டது. பந்தைக் கையில் எடுத்து ஒருமுறை சுழன்று பார்த்துவிட்டு, அங்கே அன்று நல்ல பகல், ஆனால் பூமி வானத்தில் எங்குமே தெரியாது என்று பதில் வந்தால், அந்த மாணவரை அடுத்த பாடத்துக்கு அனுப்பலாம்.